குறையாத எண்ணெய்

அத்தியாயம் மூன்று

பட்டறை மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். உடம்பெல்லாம் ஊறிப் பருத்து, ஓரங்கள் நார் நாராகப் பிய்ந்து, நடுவில் பல் கொட்டிப்போய்க் கிடந்தது.

“சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டான் ஒட்டடை.

செத்துக் கிடந்தது ஆளல்ல, டைமிங் பெல்ட். என்ஜினின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே தாளத்தில் ஆட வேண்டுமே, அதற்காக இரண்டையும் சேர்த்துக் கட்டி இழுக்கிற பல்வைத்த ரப்பர் பட்டை. அது நழுவினால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நாசமாகும். மரக்கடை முதலாளியின் காரில் நாசமாகியிருந்தது. ஊரிலேயே பெரிய கார். துடைக்கிற துணிக்குக்கூடத் தனி அலமாரி வைத்திருந்த கார். இப்போது வயிற்றைத் திறந்துபோட்டு, பட்டறை மூலையில் ஈ ஓட்டிக்கொண்டு நின்றது.

சர்வேயர் அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பெல்டின் மேல் குனிந்தாள். நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவள். பொய் சொல்கிறவர்களில் கம்பெனியும் உண்டு என்று ஒரு நாள் எழுதிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து சொந்தமாகத் துப்பறிகிற தொழில். ஒட்டடை அவளுடைய உதவியாள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போன பிறகு அவளிடம் வந்து சேர்ந்தவன். உயரத்துக்கும் ஒல்லிக்கும் ஷெட்டில் வைத்த பெயர் கூடவே வந்துவிட்டது. இடுப்பு போனது, வாய் போகவில்லை.

பட்டறைக்காரர் தீர்ப்பைக் கையிலேயே வைத்திருந்தார். பத்து வருஷம் உழைக்க வேண்டிய பெல்ட், இரண்டாவது குளிர்காலத்திலேயே போய்விட்டதென்றால் ஒரே அர்த்தம்தான். டிரைவர் முதலாளிக்குத் தெரியாமல் காரை வாடகைக்கு ஓட்டியிருக்கிறான். ஓடி ஓடித் தேய்ந்திருக்கிறது. கிலோமீட்டர் மீட்டர் கொஞ்சமாகத்தானே காட்டுகிறது என்று அக்கா கேட்டதற்கு, மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டியிருப்பான் என்றார். இந்த வித்தையெல்லாம் தனக்குத் தெரியாதா என்பதுபோல் மீசையைத் தடவிக்கொண்டார்.

அக்கா நிமிராமலே நகர்ந்துபோய் டயர் பக்கம் உட்கார்ந்தாள். புது டயரில் முளைத்திருக்கும் மெல்லிய ரப்பர் மயிர்கள் பக்கவாட்டில் மட்டுமல்ல, தரையைத் தொடும் இடத்தின் ஓரத்திலும் சில இன்னும் உதிராமல் இருந்தன. விரலால் தடவிக் காட்டினாள்.

“மீட்டரைக் கழட்டலாம். இதை?”

“டயரை மாத்தியிருப்பான்” என்றார் பட்டறைக்காரர்.

“திருட்டு வாடகை ஓட்டி, அந்தக் காசுல முதலாளிக்குப் புது டயர் வாங்கிப் போட்டானாக்கும்” என்றான் ஒட்டடை. “இந்த மாதிரி திருடன் கிடைச்சா எங்க வீட்டுக் கதவைத் திறந்தே வெச்சுடுவேன்.”

பட்டறைக்காரர் மீசையை விட்டுவிட்டார்.

அக்கா என்ஜின் பக்கம் வந்தாள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவினாள். மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது எண்ணெய். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு ஒட்டடையின் மூக்கடியில் நீட்டினாள். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகித் திருப்பினாள். உள்பக்கம் பால்விட்ட காபிபோல் வெளிறிய நுரை அப்பியிருந்தது.

இந்த வண்டியில் எண்ணெய் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள். பட்டறைக்காரர் சிரித்தார். முதலாளி ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிப் பெருமைப்படுவாராம். மற்றவன் வண்டி எண்ணெய் குடிக்கும், என் வண்டியில் எண்ணெய் ஏறிக்கொண்டே போகும், அது வண்டியின் ராசியல்ல, வைத்திருக்கிறவனின் ராசி என்பாராம்.

“பசு மாடு வாங்கியிருக்கார்னு நினைச்சுட்டார் போல” என்றான் ஒட்டடை.

அக்காவின் உதடு ஒரு பக்கமாக ஏறியது. அவளோடு இருந்து பழகியவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். யாரோ ஒருவருடைய மானம் இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போகப்போகிறது.

யாருடையது என்பதுதான் கேள்வி. குற்றத்தை ஒப்புக்கொள்ள டிரைவருக்குக் கொடுத்த கெடு மதியம் வரைதான். திருட்டை நிரூபித்துத் தரச் சொல்லி அக்காவை அமர்த்தியதே முதலாளியின் மனைவி. நிரூபணம் கையில் வந்ததும் போலீசுக்குப் போவதாக இருந்தாள். முதலாளி மட்டும் விசாரணையெல்லாம் எதற்கு, பாவம், வேலையை விட்டு அனுப்பியதே போதும் என்று முதல் நாளிலிருந்தே இரக்கம் காட்டிக்கொண்டிருந்தார். மரத்தில் பொத்தல் இருந்தால் மரத்தூளும் பசையும் அடைத்து விற்கிற மனுஷனுக்குத் திடீரென்று இரக்கம் எங்கிருந்து ஊறியது என்று ஒட்டடை அப்போதே அக்காவிடம் கேட்டிருந்தான்.

தெரு முனை பேக்கரியைத் தாண்டி மேட்டுத் தெருவில் ஏறும்போது வாயிலிருந்து புகை வந்தது. வெயில் வந்தும் நிழலில் கிடந்த புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. கோட்டை இழுத்துப் பொத்திக்கொண்டு ஒட்டடை, பெட்ரோல் எப்படி எண்ணெய்க்குள் போகும் என்று கேட்டான்.

“குளிர்ல ஸ்டார்ட் பண்ணா என்ஜின் பெட்ரோலை அள்ளிக் குடிக்கும். குடிச்சதெல்லாம் எரியாது. மிச்சம் வழிஞ்சு கீழே எண்ணெயில போய்ச் சேரும். வண்டி நல்ல தூரம் ஓடுச்சுன்னா சூட்டுல அது ஆவியாப் போயிடும். சூடு ஏறுறதுக்குள்ள நிறுத்திட்டா அங்கேயே தங்கிடும். தினம் இப்படியே பண்ணா எண்ணெய் குறையாது, ஏறும். இந்த மாதிரி கார்ல பெல்ட் வெளியில இல்லடா, எண்ணெய்க்குள்ளேயே ஓடுது. பெட்ரோல்ல ஊறின ரப்பர் என்னாகும்?”

“எங்க மாமா மாதிரி ஆகும். ஊறி, உப்பி, ஒரு நாள் பல்லு கொட்டிக் கீழே விழும்.”

“அதேதான்.”

“அப்ப நிறைய ஓட்டினதால தேயலையா?”

“நிறைய ஓட்டியிருந்தா இன்னும் பிழைச்சிருக்கும். கொஞ்சூண்டு தூரம், கொட்டுற குளிர்ல, திரும்பத் திரும்ப ஓட்டியிருக்காங்க. நடந்தே போயிட்டு வர்ற தூரமா இருக்கணும்.”

நடந்தே போகிற தூரத்துக்கு இவ்வளவு பெரிய காரா என்று ஒட்டடை கேட்க வாயெடுத்தான். அதற்குள் வீடு வந்துவிட்டது.

கார் கொட்டகையின் வாசலில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கியவர். கை கட்டியிருந்தார். அந்த வீட்டில் கை கட்டி நின்று நின்று, கைகள் தாமாகவே அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கின்றன போலிருந்தது. தான் வாடகைக்கு ஓட்டவில்லை என்று ஒரு தடவை சொன்னார். மறுதடவை சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன முகம்.

வேலை போனது பெரிதல்ல என்றார். போன வாரமே முதலாளி டாக்சி ஸ்டாண்டு வரைக்கும் வண்டி பிடித்துப் போய், அங்கிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கூப்பிடுவதாக இருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

“ஸ்டாண்டுல பெஞ்சுல உட்காரப் போனேன் மேடம். ஒருத்தனும் நகர்ந்து இடம் கொடுக்கலை. இருபத்தஞ்சு வருஷமா அந்த பெஞ்சுலதான் டீ குடிக்கிறேன்.”

அக்கா அவர் காலையே பார்த்தாள். செருப்புகளைக் கழற்றித் தரச் சொன்னாள். இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். இடது செருப்பு சீராகத் தேய்ந்திருந்தது. வலது செருப்பின் குதிகால் மட்டும் பின்பக்க விளிம்பில் மொழுக்கென்று தேய்ந்து சரிந்திருந்தது.

“டிரைவர் எல்லாருக்கும் இப்படித்தாங்க” என்றார் அவர் கூச்சத்தோடு. “குதியைத் தரையில ஊனித்தானே மிதிப்போம்.”

தெரியும் என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா கொட்டகைக்குள் போனாள். சுண்ணாம்பு அடித்த பின்சுவரில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, கறுப்பாக ஒரு வட்டம் படிந்திருந்தது. நடுவில் கெட்டியாக, ஓரத்தில் தெறித்துத் தெறித்து.

“யாரோ இங்க வெத்திலை போட்டுத் துப்பியிருக்காங்க. கரி வெத்திலை” என்றான் ஒட்டடை.

குளிரில் ஸ்டார்ட் செய்தால் புகைக்குழாய் கரியும் தண்ணியுமாகத் துப்பும், அந்தக் கறைதான் இது என்றாள் அக்கா. வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் இவ்வளவு கனமாகப் படியாது. நித்தம் துப்பியிருக்கிறது.

காலையில் வேலைக்கு வரும்போது வண்டி எப்படி இருக்கும் என்று டிரைவரைக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். சில நாள் என்ஜின் மூடியைத் தொட்டால் லேசாக வெதுவெதுப்பாக இருக்குமாம். முதலாளியிடம் சொல்லியும் இருக்கிறார். வெயில் பட்டிருக்கும், போய் வேலையைப் பார் என்றாராம்.

ஒட்டடை கொட்டகையின் கூரையைப் பார்த்தான். தகரம். ஓட்டையில்லாத தகரம்.

“நல்ல வெயில்தான். ஆள் பார்த்து வந்து அடிச்சிருக்கு.”

முதலாளியம்மா கூடத்தில் காத்திருந்தாள். குரலை உயர்த்தாமலே ஒரு வீட்டை ஓட்டத் தெரிந்தவள். முதலாளி மெத்தை நாற்காலியில் முழங்காலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

அக்கா கண்டதைச் சொன்னாள். காரை யாரும் வாடகைக்கு ஓட்டவில்லை. ஆனால் விடியற்காலையில் யாரோ எடுத்திருக்கிறார்கள், கிட்டத்திலேயே எங்கோ போய்விட்டு வந்திருக்கிறார்கள், அந்தப் பழக்கம்தான் பெல்ட்டைக் கொன்றிருக்கிறது.

டிரைவரின் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. ஏனென்றால் முதலாளியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அப்ப கள்ளச் சாவி போட்டிருக்கான்” என்றாள். சாவி வாசல் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது, தன் கையால் எடுத்துக் கொடுத்துத் தன் கையால் திரும்ப வாங்கி மாட்டுகிறவள் அவள். அதனால் நகல் எடுத்துக்கொண்டு, வீடு தூங்கும்போது வந்து எடுத்திருக்கிறான். பின்கட்டு மாடியில், சன்னலை அடைத்துப் படுக்கிறவர்களுக்கு என்ன கேட்கும்.

“அதேதான், அதேதான்” என்றார் முதலாளி. கம்பளியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார். “ஆனாலும் போலீசெல்லாம் வேண்டாம். பிள்ளைகுட்டிக்காரன்.”

ஒட்டடைக்கு நாக்கு அரித்தது. தன் முதுகில் ஏறிய மூட்டைகளையெல்லாம் இந்த மாதிரி ஒரு குரல்தான் மேலே நின்று எண்ணிக்கொண்டிருந்தது. ஆனால் அக்கா சம்பந்தமே இல்லாமல் வேறு பேச்சுக்குத் தாவினாள். ஐயாவுக்கு முழங்காலில் என்ன என்று கரிசனமாகக் கேட்டாள்.

அவ்வளவுதான், முதலாளியம்மாவுக்கு மடை திறந்துகொண்டது. அவருக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதிலிருந்து, இருட்டு பிரிவதற்குள் எழுந்து, ஒரு நாள் தவறாமல் நடக்கப் போகிறார். அப்படி நடந்தும் சர்க்கரை இம்மி குறையவில்லை. டாக்டரை மாற்றியாயிற்று, மாத்திரையை மாற்றியாயிற்று, சமையலில் உப்பு உறைப்பைக்கூடக் குறைத்தாயிற்று. இப்போது கார் கெட்டுப்போன கவலையில் முழங்காலும் பிடித்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து பாவம், நடக்கவே போகவில்லை.

“இந்த வீட்டுல ரெண்டு விஷயம் குறையவே மாட்டேங்குது” என்றாள் அக்கா மெதுவாக. “ஒண்ணு கார்ல எண்ணெய். இன்னொண்ணு ஐயாவுக்குச் சர்க்கரை.”

முதலாளி இருமினார்.

நடக்கிற ஷூவைப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டாள். முதலாளியம்மாவே பெருமையோடு எழுந்துபோய் எடுத்துவந்தாள். போன குளிர்காலத்தில் வாங்கியது, எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் பாருங்கள் என்று நீட்டினாள். வெள்ளை வெளேரென்று, கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. ஒட்டடை குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். வாங்கி ஆறு மாதமாகவில்லை, விரல் வெளியே வந்து வழி கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா ஷூவைத் திருப்பிப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஒட்டடையைக் கூப்பிட்டாள். தெரு முனை பேக்கரிக்குப் போய், மரக்கடை ஐயா வீட்டிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொல்லு, வேறு ஒரு வார்த்தை பேசாதே, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வா என்றாள்.

“வேற ஒரு வார்த்தை பேசாம இருக்கிறது என் உடம்புக்கு ஆகாதுக்கா.”

“போடா.”

போனான். இறக்கத்தில் போக ஒரு பாட்டு நேரம், ஏற்றத்தில் வர இரண்டு பாட்டு நேரம். திரும்பியபோது கூடத்தில் யாரும் இருந்த இடத்தைவிட்டு அசைந்திருக்கவில்லை. முதலாளியின் நெற்றி மட்டும் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது. ஒட்டடை எண்ணெய் கசியும் காகிதப் பையை மேசை நடுவில் வைத்துப் பிரித்தான். சர்க்கரை தூவிய கிரீம் பன். மூன்று.

“நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்” என்றான். “உள்ளயிருந்த அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்ல. வழக்கம்போல மூணுதானேன்னு கேட்டு, பையில போட்டாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.”

“என்ன?” என்றாள் முதலாளியம்மா. அந்தக் குரல் இதுவரை கேட்டதைவிடத் தாழ்ந்திருந்தது.

“ஐயா ஏன் இப்பல்லாம் கார்ல வர்றதில்லைன்னு.”

அக்கா இப்போதுதான் ஷூவைத் திருப்பினாள். அடிப்பாகத்துக் கோடுகளும் கட்டங்களும் அச்சுப்போல் அப்படியே இருந்தன. வலது குதிகாலின் பின் விளிம்பு மட்டும் மொழுக்கென்று தேய்ந்து, கார் தரைவிரிப்பின் சாம்பல் நிறப் பஞ்சு அதில் ஒட்டியிருந்தது. அவள் நிலைப்படிப் பக்கம் திரும்பி, டிரைவரிடம் அவருடைய வலது செருப்பைக் கேட்டாள். இரண்டையும் அருகருகே தூக்கிப் பிடித்தாள்.

“இது பிழைப்புக்கு வண்டி ஓட்டுறவர் செருப்பு. இது உடம்பைக் குறைக்க நடக்குறவர் ஷூ. ரெண்டும் ஒரே இடத்துலதான் தேய்ஞ்சிருக்கு.”

முதலாளி வாயைத் திறந்தபோது வந்ததெல்லாம் குளிர் என்ற ஒரு சொல்தான். முதல் நாள் நடந்துதான் போனாராம். காது வலித்ததாம். மறுநாள் அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று காரை எடுத்தாராம். பேக்கரி வாசலில் ஒதுக்கி நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, நடந்து களைத்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வருவாராம். மூச்சு வாங்கியது பொய்யில்லை என்றார். மூன்று பன் தின்றால் யாருக்கும் வாங்கும்.

“கார் போச்சுன்னதும் உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு...” என்று மனைவியைப் பார்த்து இழுத்தார்.

“அதுக்கு இந்த மனுஷனைத் திருடனாக்கினீங்களா?” என்றாள் அவள். “பன்னுக்காகவா?”

முதலாளி பன்னைப் பார்த்தார். அந்த நிலைமையிலும் அவர் கண் பையைவிட்டு நகர மறுத்ததை ஒட்டடை பார்த்தான். ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிக்கிறவனுக்குப் பின்னால் பெரிய பேராசை, பெரிய வஞ்சம் ஏதாவது இருக்கும் என்றுதான் அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். இவ்வளவு அற்பமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கிரீம் வழிகிற அற்பம்.

முதலாளியம்மா வாசல் பக்கம் திரும்பி, நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்றாள். கார் சரியாகி வந்ததும் சாவி உன்னிடமே இருக்கட்டும் என்றாள். டிரைவர் உடனே தலையாட்டவில்லை. செருப்பை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டார். கட்டியிருந்த கைகள் பிரிந்து தொங்கின.

“வேலை இருக்கட்டும்மா. ஐயா ஸ்டாண்டுல வெச்சுச் சொன்னாரு. அதை ஸ்டாண்டுலேயே வந்து இல்லைன்னு சொல்லட்டும்.”

முதலாளி அவசரமாகத் தலையாட்டினார். சொல்லிவிடலாம், அதற்கென்ன, கார் பட்டறையிலிருந்து வரட்டும், இல்லாவிட்டால் ஒரு டாக்சியை மேலே வரச் சொல்லுங்கள் என்றார்.

முதலாளியம்மா வெள்ளை ஷூ இரண்டையும் எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

“நடங்க.”

நடந்தார். முழங்கால் வலி தெருவில் இறங்கியதும் எங்கோ காணாமல் போயிருந்தது. டிரைவர் முன்னால் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவும் ஒட்டடையும் பின்னால். ஒட்டடை கையில் பன் பை இருந்தது. சாட்சிப் பொருளை விட்டுவிட்டு வரக்கூடாதல்லவா. பேக்கரியைத் தாண்டும்போது உள்ளிருந்த அம்மா எட்டிப் பார்த்து, ஐயா நடந்து போவதைக் கண்டு, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

ஸ்டாண்டில் டிரைவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அவர்கள் முன்னால் நின்று, தரையைப் பார்த்து, இவன் வண்டியைத் தொடவில்லை, எடுத்தது நான்தான் என்று முணுமுணுத்தார்.

“கேட்கலைங்க ஐயா” என்றார் டிரைவர்.

முதலாளி மறுபடி சொன்னார். இந்தத் தடவை கடைசி வண்டியில் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்தான்.

பெஞ்சில் முதலில் ஒருவர் நகர்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டது. டிரைவர் போய் உட்கார்ந்தார். யாரோ ஒரு டீயை அவர் கையில் திணித்தார்கள். அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

முதலாளி காதைப் பொத்திக்கொண்டு மேட்டுத் தெருவை அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த டாக்சியின் கதவில் கை வைத்து, வீடு வரைக்கும் போகலாமா என்று பொதுவாகக் கேட்டார்.

டீ குடித்துக்கொண்டே டிரைவர்தான் பதில் சொன்னார்.

“இவ்வளவு கிட்டவா? இந்தக் குளிர்லயா? என்ஜினுக்கு ஆகாதுங்க.”

பெஞ்சிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. மரக்கடை முதலாளி கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு ஏற்றத்தில் கால் வைத்தார். ஒட்டடை பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கடித்தபடி, அந்த வெள்ளை ஷூவின் இடது பக்கம் முதல்முறையாகத் தேய்வதை, அது தெரு முனை திரும்பி மறையும் வரை நின்று பார்த்தான்.